சூடிக் கொடுத்த ஊரில் இரண்டு நாள்

"சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவுதானே? எங்கேயாவது போய் வரலாமே!" என்று வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொன்ன மாத்திரத்தில் என்ன நடக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? முதலில் எல்லோருக்கும் உற்சாகம் பொங்குகிறது. கொடைக்கானல் என்கிறார் ஒருவர். மூணாறு என்கிறார் இன்னொருவர். அரை மணி கழித்து யாரோ காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். அறை வாடகை, கார் வாடகை என்று வரிசையாக எழுதியதும் உற்சாகம் சோடாவின் நுரை மாதிரி அடங்கிப்போகிறது. கடைசியில், "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தீர்மானமாகி, சனிக்கிழமையன்று வழக்கம்போல் நீங்கள் தோசைக்கு அரைக்கப் போகிறீர்கள்.

புத்தகப் பைத்தியம் பிடித்த தம்பதிகளாக இருந்தால் சங்கடம் இன்னும் அதிகம். அவர்களுக்குப் படகுச் சவாரியிலும் பூங்காவிலும் அரை நாளுக்குமேல் மனம் ஒட்டாது. "இங்கே யார் எழுதினார்கள்? எதைப் பார்த்து எழுதினார்கள்?" என்று கேட்கத் தோன்றும். அப்படிப்பட்ட தம்பதிகள் உங்கள் வீட்டிலும் இருந்தால், வாருங்கள், ஒரு பிரயாணத் திட்டம் சொல்கிறேன். செலவு இருவருக்கும் சேர்த்து 6,000 ரூபாய். இடம், விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலை அடிவாரத்தில் இருக்கும் மூன்று ஊர்கள்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், கூமாப்பட்டி.

இங்கிலாந்தில் ஹாவர்த் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு பாதிரியாரின் வீட்டில் வளர்ந்த பிராண்டி சகோதரிகள் மூவர் நாவல்கள் எழுதினார்கள். தகப்பனாரும் கவிதை எழுதியவர். 1928-ல் அந்த வீடு காட்சிசாலை ஆயிற்று. இன்று வரை உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வாசகர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். தகப்பனும் மகளும் கவிகளாக இருந்த ஊர் நமக்கும் ஒன்று உண்டு. அதுவும் ஹாவர்த்துக்குப் பல நூறு வருஷம் மூத்தது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஸ்ரீவில்லிபுத்தூரைத்தான் சொல்கிறேன். அங்கே போக விமானம் வேண்டாம். சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை விரைவு வண்டியில் இரவு ஏறிப் படுத்தால் காலையில் இறங்கிவிடலாம். மதுரைக்காரர்களுக்கோ 75 கிலோமீட்டர் பஸ் பிரயாணம்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். நானும் என் கணவரும் போனபோது எழுதி எடுத்துச் சென்ற சீட்டை அப்படியே தருகிறேன். இருவருக்கும் தூங்கும் வசதி வகுப்பில் போக வர ரயிலுக்கு 1,600, ஓர் இரவுக்குச் சாதாரண அறை 1,200, இரண்டு நாள் சாப்பாடு, காப்பி 1,200, பஸ், ஆட்டோ 500, புத்தகம் 600, பால்கோவா 300, எதற்கும் இருக்கட்டும் என்று கைவசம் 600. ஆக மொத்தம் 6,000. மாதம் 500 ரூபாய் ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு வருஷத்தில் சேர்ந்துவிடும். ஆடிப்பூரத் தேர், மார்கழி, பங்குனி உத்திரக் கல்யாணம் ஆகிய விசேஷ நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது அறை கிடைப்பதும் கஷ்டம். கிடைத்தாலும் இந்தக் கணக்கு செல்லாது.

இந்தச் சீட்டைப் பார்த்ததும் என் கணவர் ஒரு யோசனை சொன்னார். "சாப்பாட்டுக்கு எதற்கு 1,200? நீ புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டால் முதல் நாள் செலவு மிச்சமாகுமே!"

மிகவும் நியாயமான யோசனைதான். நம் பாட்டிமார் எல்லோரும் அப்படித்தான் காசி வரைக்கும் போய் வந்தார்கள். ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து ஓடி வந்து, புளிக்காய்ச்சல் காய்ச்சி, சாதம் வடித்து ஆறவைத்து, கிளறி, டப்பாக்களில் அடைத்து, ஊருக்குப் போனபின் அந்த டப்பாக்களைக் கழுவி எடுத்து வரும் வேலை யாருடையது? அதற்கு மணிக்கு எத்தனை ரூபாய் என்று எந்தச் சீட்டில் எழுதுகிறோம்? நம் வீடுகளில் சிக்கனம் என்று பேர் பெறும் காரியங்களில் பாதி, மனைவியின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால் வருகிற மிச்சம்தான். "மூன்று நாள் நான் அடுப்பைத் தொடப் போவதில்லை. அதற்குத்தான் அந்த 1,200 ரூபாய்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோபமா, சம்மதமா என்று ரயிலேறும் வரையில் எனக்குத் தெரியவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. இருவரும் ஒரே புத்தகத்தைப் படியுங்கள். மார்கழி மாதத்தில் திருப்பாவையின் 30 பாசுரங்களும் நம் தெருக்களில் காதில் விழுகின்றன. ஆனால் அதே ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியில் 143 பாசுரங்கள் இருக்கின்றன. அதை முழுக்கப் படித்தவர்கள் உங்களுக்குத் தெரிந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கல்யாண வீடுகளில் ஒலிக்கும் கனவுப் பாசுரங்கள் அதில் ஒரு பகுதிதான். குயிலைக் கூப்பிட்டுக் கெஞ்சுவதும், மேகத்தைத் தூது விடுவதும், சங்கைப் பார்த்துப் பொறாமையோடு விசாரிப்பதும் இருக்கிறதே, அதைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். தனக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு பெண் இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொல்லியிருக்கிறாளா என்று தோன்றும். புத்தகம் வாங்கப் பணமில்லையென்றால் நூலகத்தில் எடுக்கலாம். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம். நாங்கள் ரயிலில் ஆளுக்கு ஒரு பத்தாகப் படித்துக்கொண்டு போனோம், எதிர் பலகைக்காரர் விளக்கை அணைக்கச் சொல்லும் வரையில்.

சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு முதலில் கோவிலுக்குப் போங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். வடபத்ரசாயி கோவிலின் கோபுரம் 11 நிலை, 192 அடி உயரம். தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமே என்றும், அது ரசிகமணி டி. கே. சி.யின் யோசனை என்றும் சொல்வது வழக்கம். அண்ணாந்து பார்த்துவிட்டு, நந்தவனத்துக்கு வாருங்கள். வடபத்ரசாயி கோவிலுக்கும் ஆண்டாள் கோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தது இங்கேதான் என்கிறார்கள். ஆண்டாள் சந்நிதியில் அவள் இடது கையில் இருக்கும் கிளியைக் கூர்ந்து பாருங்கள். பச்சை இலைகளால் செய்து, மாதுளம் பூவால் அலகு வைத்த கிளி. தினமும் புதிதாகச் செய்கிறார்கள்.

பிறகு கண்ணாடிக் கிணற்றுக்குப் போங்கள். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தகப்பனார் பெருமாளுக்காகக் கட்டி வைத்த மாலையை மகள் எடுத்துத் தான் சூடிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்தாள். மாலையில் தலைமயிர் ஒன்று இருந்ததைக் கண்டு தகப்பனார் பதறிப் போய் வேறு மாலை கட்டினார். அன்று இரவு பெருமாள் கனவில் வந்து, "அவள் சூடியதுதான் எனக்கு வேண்டும்" என்றார். இந்தக் கதையைச் சிறு பிராயத்திலிருந்து எத்தனையோ தரம் கேட்டிருந்தேன். ஆனால் அந்தக் கிணற்றடியில் நின்றபோது, அதுவரை தோன்றாத ஒன்று தோன்றியது. சூடிக் கொடுத்தவள் என்று பேர் வைத்தார்களே, அதில் 'சூடி' முதலில் வருகிறது. 'கொடுத்த' அப்புறம்தான் வருகிறது! நம் வீடுகளில் முறை நேர்மாறு அல்லவா? எல்லோருக்கும் கொடுத்த பிறகு மிச்சம் இருந்தால் நாம் சூடுகிறோம். சாப்பாடும் அப்படி, தூக்கமும் அப்படி, புத்தகம் படிக்கும் நேரமும் அப்படி.

வெளியே வந்ததும் பூக்கார அம்மாள் ஒருத்தி மல்லிகைச் சரத்தை நீட்டினாள். "சாமிக்கு ஒரு சரம் குடுங்க" என்று வாங்கிக் கூடைக்குள் வைக்கப் போனேன். அவள் விடவில்லை.

"வச்சுப் பாத்துட்டுக் குடு தாயி. வேற ஊர்ல பாத்தா தப்பும்பாக. இந்த ஊர்ல அது தப்பில்ல" என்று சொல்லிச் சிரித்தாள்.

நூறு புத்தகம் படித்தவள் ஐந்து நிமிஷம் நின்று யோசித்ததை, அவள் பூவை முழம் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள்! ஒரு சரம் சாமிக்கு, ஒரு சரம் எனக்கு என்று வாங்கினேன். என்னுடையதை முதலில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் வெயில் இறங்கும் வரையில் அறையில் தூங்குங்கள், அல்லது படியுங்கள். இரண்டுக்கும் தனியாகச் செலவு கிடையாது. சாயங்காலம் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறலாம். சுமார் 12 கிலோமீட்டர் தூரம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தாகப் பார்த்து ஏறினால், 2021-ல் தொடங்கிய விடியல் பயணத் திட்டத்தின்படி நமக்கு டிக்கெட் இல்லை. உடன் வரும் புருஷர்களுக்கு மட்டும் உண்டு. என் கணவர் நடத்துனரிடம் "ஒண்ணு" என்று காசு நீட்டியபோது என் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ராஜபாளையம் என்றால் பஞ்சாலையும் வேட்டை நாயும் உங்கள் நினைவுக்கு வரலாம். இலக்கியத்திலும் அதற்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. அதைச் சொல்ல 500 வருஷம் பின்னால் போக வேண்டும். விஜயநகரத்தில் 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் ஒரு பெரிய தெலுங்குக் காவியம் எழுதினார். 'ஆமுக்த மால்யதா' என்று பேர். அதற்கு அர்த்தம் 'சூடிக் கொடுத்தவள்' என்பதுதான். ஆம், நம் ஆண்டாளின் கதை. ஒரு சக்கரவர்த்தி யுத்தங்களுக்கு நடுவே உட்கார்ந்து, தூரத்து ஊர்ப் பெண் ஒருத்தியின் கதையைத் தன் மொழியில் எழுதியிருக்கிறார். அந்தக் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? இதே ராஜபாளையத்துக்காரரான மு. கு. ஜகந்நாத ராஜா. 1933-ல் பிறந்து 2008-ல் மறைந்தவர். பல மொழிகள் கற்றவர். பிராகிருதத்திலிருந்து காதா சப்தசதியைத் தமிழில் தந்தவரும் அவரே. ஆமுக்த மால்யதாவின் மொழிபெயர்ப்புக்காக 1989-ல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. தமிழில் அந்தப் பரிசை முதலில் பெற்றவர் அவர்தான்.

பாருங்கள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்பிய கதை தெலுங்கு தேசத்துக்குப் போய், 12 கிலோமீட்டர் பக்கத்து ஊர் வழியாக வீடு திரும்ப நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! நாங்கள் அரை மணியில் போய்விட்டோம்.

அந்தக் காவியத்தில் ஓர் இடம் பிரசித்தம். பெரியாழ்வார் வீட்டுக்கு வரும் அடியார்களுக்குப் பருவத்துக்குத் தகுந்தபடி சாப்பாடு போட்ட விவரம். மழைக்காலத்தில் இன்னது, பனிக்காலத்தில் இன்னது, வெயில் காலத்தில் இன்னது என்று அரசர் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார். பஸ்ஸில் இதை நான் சொல்லிக்கொண்டு வந்தபோது என் கணவர், "அத்தனை பேருக்கும் யார் சமைத்தார்களாம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, தானே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு புன்னகை செய்தார். புளியோதரை விவகாரம் கோபத்தில் முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, தம் வீட்டையே இதற்காகக் கொடுத்தார். வீட்டில் குழந்தைகளை விட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்கு ஒரு சேதி: கோ. மா. கோதண்டமும் இவ்வூர்க்காரர்தான். 'காட்டுக்குள்ளே இசைவிழா' என்ற அவருடைய புத்தகத்துக்கு 2012-ல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. புத்தகத்துக்கென்று ஒதுக்கிய 600 ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொம்மையைவிட இது நெடுநாள் உழைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூமாப்பட்டி. 2025 ஜூன் மாதத்தில் இந்தச் சிற்றூர் ஒரே வாரத்தில் நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ளூர் இளைஞர் ஒருவர் கைப்பேசியில் படமெடுத்து, "ஏங்க!" என்று எல்லோரையும் கூப்பிட்டார். அதுவரையில் அந்தச் சொல்லை வீடுகளில் நாம்தான் உபயோகித்து வந்தோம்; நாம் கூப்பிட்டால் பக்கத்து அறையிலிருந்துகூட யாரும் வருவதில்லை. அவர் கூப்பிட்டதற்கோ கார் கார்களாக வந்து குவிந்துவிட்டார்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேர் பஸ் கிடைக்காவிட்டால் கிருஷ்ணன்கோவிலிலும் வத்திராயிருப்பிலும் மாறிப் போகலாம். வழியெல்லாம் தென்னந்தோப்பும் வயலுமாக, முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் நிற்கும். அந்தக் காடு, சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக 1988 முதல் காக்கப்படுவது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. ஊருக்கு அப்பால் பிளவக்கல் அணைகள். அவற்றில் ஒன்றுக்குப் பெரியாறு என்று பேர். முல்லைப் பெரியாறு என்று எண்ணிக் குழம்பிவிடாதீர்கள். மற்றது கோவிலாறு. இவற்றின் தண்ணீர் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் போகிற தண்ணீர். அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி கிடையாது. என் கணவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் துண்டும் மாற்று வேட்டியும் கொண்டுவந்திருந்தார். பலகையைப் பார்த்துவிட்டு, துண்டை மெதுவாகப் பைக்குள் திணித்தார்.

குளிக்க முடியாவிட்டால் என்ன செய்வது? ஒன்றும் செய்யாமல் உட்காருவதுதான். ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்தோம். வேலை இல்லை, கைப்பேசியைப் பார்க்கவும் தோன்றவில்லை. வெகு நேரம் கழித்து அவர் கேட்டார்: "போன வருஷம் ஒரு கதை ஆரம்பித்தாயே, முடித்தாயா?"

பத்திரிகை ஆபீஸில் தினமும் எழுதுகிறவள்தான். ஆனால் அது வேறு, அந்தக் கதை வேறு. "ராத்திரி பதினோரு மணிக்குமேல் உட்கார்ந்தால் என்ன எழுத வரும்? கண்ணைச் சுற்றிக்கொண்டு வருகிறது" என்றேன். எனக்கே எதிர்பாராமல் குரல் கம்மிவிட்டது. கதை நின்றுபோனது அவ்வளவு பெரிய நஷ்டமாக எனக்குள் இருந்திருக்கிறது என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு வரை உன்னுடையது. காப்பியும் டிபனும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். "அம்மா கேட்டால்?" என்றேன். "அம்மாவுக்கும் சேர்த்துத்தான் காப்பி" என்றார்.

ஊர் திரும்பியதும் எல்லாம் கதைகளில் வருகிற மாதிரி நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நாலு வாரம் நடந்தது. ஐந்தாவது வாரம் விருந்தாளிகள் வந்து, தவறியது. ஆறாவது வாரம் உப்புமாவில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. ஆனாலும் ஏழாவது வாரமும் எனக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. கதை இப்போது பாதிக்குமேல் வந்திருக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி, பால்கோவா வாங்கிக்கொண்டு இரவு ரயிலைப் பிடியுங்கள். பாலையும் சர்க்கரையையும் அடுப்பில் வைத்து விடாமல் கிளறி எடுக்கும் இந்தப் பண்டத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாத்தனாருக்கு, பக்கத்து வீட்டுக்கு, ஆபீஸுக்கு என்று எல்லோருக்கும் பொட்டலம் கட்டச் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் கடை வாசலில் நின்று, சுடச் சுட ஒரு கரண்டி இலையில் வாங்கி, முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். அப்புறம் மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

இந்த ஊரில் அது தப்பில்லை.